பிசிபி4 பட்டை ஏன் தடித்தது?

"அக்கா, இப்ப படம் நல்ல வடிவா வந்திருக்கு" என்று கணினியைத் திருப்பிக் காட்டினான் தம்பி. கிளிநொச்சி அறிவியல்நகரில் இறுதியாண்டுச் செயற்திட்டம் செய்கிற பெடியன். வடிவாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

அவன் எடுத்திருந்தது 2021இல் வெளியான தரவு, மனித மூளையின் முன்பகுதியில் எந்தப் பரம்பரையலகு எங்கே வேலை செய்கிறது என்று காட்டுவது. இலவசமாக இறக்கலாம், இழையம் வெட்ட வசதியில்லாத எங்களுக்கு அது பெரிய காரியம். அதை அளந்த விசியம் என்ற தகட்டில் 6.5 மில்லிமீற்றர் சதுரத்துக்குள் 4,992 புள்ளிகள், ஒவ்வொன்றும் 55 மைக்ரோமீற்றர். மேலே வைத்த இழையத்தின் ஆர்என்ஏ, அதாவது வேலை செய்யும் பரம்பரையலகுகளின் பிரதி, அந்தந்த இடத்துப் புள்ளியில் ஒட்டும். ஒரு பரம்பரையலகின் ஆர்என்ஏ ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் பூச்சியம்தான். அதற்காக அந்தப் பரம்பரையலகு அங்கே வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது, பிடிபடாமலும் போயிருக்கலாம். போதாததற்குப் பக்கத்துப் புள்ளிக்கும் கொஞ்சம் கசியும்.

அதனால் எல்லாரும் அயலைக் கேட்கிறார்கள். சுற்றியுள்ள ஆறு புள்ளிகளின் சராசரியைக் கலந்தால் இரைச்சல், அதாவது தற்செயலான ஏற்றஇறக்கம், குறையும். ஒரு வயலின் விளைச்சலைப் பக்கத்து வயலை வைத்து மதிக்கலாம்தான், ஆனால் வரம்புக்கு அங்கால் மேட்டுக்காணி என்றால் கணக்கு பிழைக்கும். பிசிபி4 என்ற பரம்பரையலகு மூளைப் புறணியின் ஐந்தாம் அடுக்கில் மெல்லிய பட்டையாகத் தெரிய வேண்டியது. தம்பியின் படத்தில் அது நாலுக்கும் ஆறுக்கும் வழிந்து, தடித்துப்போய்க் கிடந்தது.

சரி, எவ்வளவு கலக்கலாம்? கண்ணால் பார்த்து முடிவெடுத்தால் வடிவான படம்தான் எப்பவும் வெல்லும். நான் சொன்னது இதுதான்: எண்ணிய ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நாணயம் சுண்டி, தரவை இரண்டு பாதியாக்கு. எண்ணிக்கை பொய்சான் பரம்பலில் (தற்செயலாக நடப்பவற்றை எண்ணும்போது வரும் பரம்பல்) இருந்தால் ஒரு பாதியின் இரைச்சல் மற்றதைத் தொடாது. முதல் பாதியை அயலோடு கலந்து, ஒளித்து வைத்த மற்றதை அது எவ்வளவு சரியாக ஊகிக்கிறது என்று பார். எல்லா நரம்புக் கலங்களிலும் இருக்கும் எஸ்என்ஏபி25 என்ற பரம்பரையலகுக்கு அகலமாகக் கலந்தது நன்றாகவே வேலை செய்தது. பிசிபி4க்கு அதே அளவு தோற்றது. பிறகு தூரத்தோடு, பரம்பரையலகு வெளிப்பாடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதையும் சேர்த்து ஒவ்வொரு அயல் புள்ளிக்கும் நிறை கொடுத்தான், பட்டை மெலிந்தது.

கசிவை மட்டும் இந்தச் சோதனை பிடிக்காது. கசிந்து வந்த ஆர்என்ஏ இரண்டு பாதியிலும்தானே இருக்கும்! அதற்கு இழையம் மூடாத வெற்றுப் புள்ளிகளில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். அவற்றைத் தொடக்கத்திலேயே வடிகட்டி எறிந்துவிட்டான் பெடியன், இப்ப திரும்ப இறக்குகிறான்.