முன்காலில் கட்டி, கைவிட்டுப்போன எக்ஸ்ரே படம்

போன வியாழக்கிழமை டாக்டர் என் மகளின் காலை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ரத்தக்கட்டு இறுகினதுதாம்மா. பயப்பட ஒண்ணுமில்ல, விளையாடட்டும்" என்றார். 11 வாரம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன். விளையாடுகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யாராவது இதைப் படித்தால், நாங்கள் அலைந்ததில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

நாங்கள் கோபி பக்கம். மகள் பத்தாம் வகுப்பு, பள்ளி ஹாக்கி அணியில் ஆடுகிறாள். ஆகஸ்ட் முதல் வாரம் பயிற்சியில் இன்னொரு பிள்ளையின் மட்டை முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் இரண்டு இடத்தில் பட்டுவிட்டது. முன்எலும்புக்குக் காப்பாகப் போடுகிற ஷின் கார்டு பையிலேயே இருந்திருக்கிறது. மறுநாள் ஈரோட்டில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் தப்பு செய்தோம். அத்தை சொன்னார்கள் என்று பக்கத்து ஊரில் கட்டுப் போடுகிற வைத்தியரிடம் கூட்டிப்போனோம். ஆறு நாள், தினமும் எண்ணெய் விட்டு அழுத்தி நீவி, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துக் கட்டினார். வீட்டில் என் பங்குக்குப் புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பத்துப் போட்டு, சூடாக ஒத்தடமும் கொடுத்தேன். நீவும்போது பிள்ளை துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். நல்லதுக்குத்தான் என்று நானே அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

நீலம் மஞ்சளாகி, கணுக்கால்வரை இறங்கி மறைந்தது. கட்டி மட்டும் போகவில்லை. மேலே பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று, நாலு விரல் கீழே சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று. ஐந்து வாரம் ஆயிற்று. தொட்டால் கல்.

அரசு ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போனது வீண். காலை ஏழு மணிக்கெல்லாம் போய் வரிசையில் நின்று சீட்டு வாங்கினால், எலும்பு டாக்டர் அன்றைக்கு இல்லை. சீட்டு எழுதினவருக்கு அது தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்தெந்தக் கிழமை எலும்பு ஓ.பி. என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைக்கும் ஒரு நாள் பள்ளி போச்சு, எனக்கும் ஒரு நாள் கூலி போச்சு.

இரண்டாம் தடவை டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். புதிதாக எக்ஸ்ரே எடுத்ததில், பெரிய கட்டி இருக்கும் இடத்தில் எலும்பை ஒட்டி மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. "அடிபட்டப்ப எடுத்த படம் எங்கம்மா?" என்றார். எலும்பின் மேலுறைக்கு அடியில் தேங்கின ரத்தம் இறுகிச் சுண்ணாம்பு பிடித்தாலும் இப்படிக் கோடு வருமாம். இந்த வயதில் எலும்பில் வரும் வேறு கட்டிகளிலும் கோடு வருமாம். அடிபட்ட மறுநாள் எலும்பு சுத்தமாக இருந்தது என்று பழைய படம் காட்டினால் பாதிச் சந்தேகம் தீரும் என்றார். "வேறு கட்டி" என்ற வார்த்தைக்கு அப்புறம் அவர் சொன்னது எதுவும் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

படம் அந்த வைத்தியரிடம் இருந்தது. கட்டுப் போட்ட அன்றே வாங்கி வைத்துக்கொண்டார். போய்க் கேட்டால் அங்கே இருந்த பையன், "பழைய படமெல்லாம் சேர்ந்ததும் எடைக்குப் போட்டுருவமுங்க" என்றான். திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எக்ஸ்ரே படத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கவரோடு செல்போனிலும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

மறுபடி ஈரோடு. ஸ்கேன் சென்டர் கவுண்டரில் பில் நம்பர் இல்லாமல் எதுவும் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அப்போதுதான் வீட்டுக்காரர் போனில் சொன்னார், "அன்னிக்கு ஜிபேயிலதான காசு கட்டினோம்?" தேடினேன். தேதி, மணி, தொகை எல்லாம் இருந்தது. உள்ளேயிருந்து வந்த ஒரு பெண்ணிடம் காட்டி, "கொஞ்சம் பாருங்க கண்ணு" என்றேன். பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டரில் எடுத்து, படத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்.

பழைய படத்தில் கோடு இல்லை. அல்ட்ராசவுண்டில் தண்ணீராக எதுவும் தேங்கியில்லை, எல்லாம் இறுகிவிட்டது. அதனால் ஊசியால் உறிஞ்சி எடுக்கிற பேச்சும் இல்லை. ஐந்து வாரம் கழித்துத் திரும்ப எடுத்த எக்ஸ்ரேயில் கோடு வழுவழுப்பாக, வளராமல் அப்படியே நின்றிருந்தது. அதுதான் போன வியாழக்கிழமை.

டாக்டர் சொன்னதில் முக்கியமானது இது. முன்எலும்பின் மேல் சதை கிடையாது, தோல்தான். அதனால்தான் அங்கே அடிபட்டால் ரத்தம் கட்டி மாதக்கணக்கில் நிற்கிறது. முதல் மூன்று நாள் நீவவும் கூடாது, சூடும் வைக்கக் கூடாது, ரத்தக்கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸ் ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம், இழுத்தால் நீளுகிற கிரேப் பேண்டேஜ் துணியால் மிதமாக ஒரு கட்டு, காலைத் தலையணையில் உயர்த்தி வைப்பது, இவ்வளவுதான். அடிபட்ட ஓரிரு நாளில் கால் விறைத்து, விரலை அசைத்தாலே உயிர்போகிற வலி வந்தாலோ, விரல் மரத்தாலோ, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கட்டி வளர்ந்தாலோ, ராத்திரியில் வலி எழுப்பினாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ, அடிபட்டதுதானே என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

சின்னக் கட்டி கரைந்துவிட்டது. பெரியது புளியங்கொட்டை அளவுக்கு நிற்கிறது. அது அப்படியே இருந்தாலும் இருக்குமாம், தொந்தரவு இல்லையாம். மூன்று படமும் பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கின்றன. நேற்று சாயங்காலம் பயிற்சிக்குக் கிளம்பும்போது மகள் வாசலில் நின்று, சாக்ஸுக்கு மேலே ஷின் கார்டைத் தட்டிக் காட்டினாள். "போட்டுட்டேன், பாத்துக்கம்மா."