மேண்டூ போட்ட கை: ஒரு லேப் நாட்குறிப்பு

நவம்பர் 12, 2025, புதன்

ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவரைப் பிரிக்கும் முன்பே கேட்பது ஒன்றுதான்: "ஃபேக்டர் எவ்வளவு இருக்கு?" சேலம் அஞ்சு ரோடு பக்கம் ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது, எதிர்ப்பு சக்தியே சொந்த மூட்டைத் தாக்குகிற முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ரத்தச் சோதனை. பாசிட்டிவ் என்றால் முகம் செத்துவிடும். நெகட்டிவ் என்றால், மணிக்கட்டு வீங்கியிருந்தாலும் சிரித்துக்கொண்டே படியிறங்குவார்கள். இரண்டுமே அவசரம். காசநோயிலும் ஹெப்படைட்டிஸ் சி-யிலும் இந்த ஃபேக்டர் ஏறும், ஒரு நோயும் இல்லாத வயசானவர்களுக்கும் ஏறும். முடக்குவாதம் உறுதியான சிலருக்குக் கடைசி வரை ஏறவே ஏறாது.

முடக்குவாதத்துக்கே பார்க்கிற இன்னொரு சோதனையான ஆன்ட்டி சி.சி.பி. அதைவிட நம்பகமானது. மூட்டு வீங்குவதற்குச் சில வருடம் முன்பே ரத்தத்தில் தலைகாட்டிவிடும். ஆனால் இவை இரண்டும் ஆன்டிபாடிகள், அதாவது வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி செல் வம்சம் சுரக்கிற எதிர்ப்புப் புரதங்கள். நன்றாக ஒட்டிப் பிடிக்கிற, வருடக்கணக்கில் சுரந்துகொண்டே இருக்கிற ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடியைச் செய்ய பி செல்லுக்குப் பொதுவாக டி செல் என்ற இன்னொரு வெள்ளையணுவின் ஒத்தாசை வேண்டும். அப்படியானால் சி.சி.பி. ஏறிய ஒவ்வொரு பேப்பருக்குப் பின்னாலும் ஒரு டி செல் எங்கேயோ வேலை பார்த்திருக்கிறது. அதற்கு எங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரி கூடக் கிடையாது. சிடி4 என்ற டி செல் வகையை எண்ணிப் பார்ப்பது எச்.ஐ.வி.க்காக. மூட்டு வலிக்கு அதை யாரும் எழுதித் தருவதில்லை, எழுதினாலும் அதிலிருந்து ஒன்றும் தெரியப்போவதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

ஏற்காடு போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கார்க் கூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அத்தை வீடு நாகலூர் பக்கம். காப்பி பறிப்புக் காலம், எஸ்டேட்டில் ஆள் பத்தவில்லை. கூலி நாள் ஒன்றைக்கூட விடாதவர், வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

கையை வாங்கிப் பார்த்தேன். முஷ்டி மடக்கினால் தெரிய வேண்டிய பள்ளங்கள், ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில், காணவே இல்லை. அடிக்கணுக்கள் இரண்டும் மெத்தென்று வீங்கி அதை மூடியிருக்கின்றன. நகத்தை ஒட்டிய நுனி மூட்டில் மட்டும் ஒன்றுமில்லை. முடக்குவாதம் பெரும்பாலும் அப்படித்தான், நுனியை விட்டுவிடும். காப்பிப் பழத்தைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துத் திருகி எடுக்க வேண்டும். பச்சையையும் சேர்த்து உருவினால் மேஸ்திரி சும்மா விடமாட்டார். அத்தைக்குக் காலையில் தோசைக் கரண்டி பிடிக்கவே ஒன்பது மணியாகிறது.

"மலைக் குளுருதாங் கண்ணு. கீழ வந்து இருந்தா சரியாப்போயிரும்" என்றார்.

குளிரில் வலி கூடலாம், நோயைக் குளிர் கொண்டுவராது. புகை கொண்டுவரலாம். ஆனால் இந்த வீட்டில் நாள் முழுக்கப் பீடி பிடிக்கிற மாமாவுக்கு மூட்டெல்லாம் கல் மாதிரி இருக்கிறது, புகையே தொடாத அத்தைக்கு வந்திருக்கிறது. பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதோடு பிறவியிலேயே வருகிற ஒரு சங்கதியும் உண்டு.

நோய் எதிர்ப்பு செல்கள் சிலவற்றின் மேல் ஹெச்.எல்.ஏ. என்ற வகைப் புரதம் இருக்கிறது. அதில் டி.ஆர்.பி.1 என்ற மரபணு தருகிற சங்கிலியில் 70-லிருந்து 74 வரைக்கும் உள்ள ஐந்து அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட மாதிரி அமைந்தவர்களுக்கு முடக்குவாதம் அதிகம் வருகிறது என்று 1987-ல் பீட்டர் கிரெகர்சன் குழுவினர் எழுதினார்கள். அந்தப் புரதத்துக்கு இருக்கிற முக்கியமான வேலை, புரதத் துணுக்கு ஒன்றைப் பிடித்து சிடி4 டி செல்லுக்குக் காட்டுவது. இந்த நோய்க்கான மரபணுச் சாட்சிகளில் இதுதான் வலுவானது, அது கை நீட்டுவது டி செல் பக்கம்.

நுரையீரலில் புகை, ஈறில் சீழ் என்று அழற்சி இருக்கிற இடங்களில் நம் புரதங்களிலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாறுகிறது. ஆர்ஜினினுக்கு நேர்மின்னேற்றம் உண்டு, அந்த ஹெச்.எல்.ஏ. பள்ளத்தில் சரியாக உட்காராது. சிட்ருலினுக்கு அது இல்லை, பொருந்திக்கொள்ளும். டி செல் இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்க்கிறது. நாங்கள் சி.சி.பி. என்று பார்ப்பதும் இந்தச் சிட்ருலின் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடியைத்தான்.

அத்தையிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. முடக்குவாதத்துக்கு அவர் போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒரே ஒரு நாள்தான், தினமும் போட்டால் ஆபத்து என்பதை மட்டும் மறுபடி சொல்லி, அட்டையில் "செவ்வாய்" என்று பேனாவால் பெரிதாக எழுதிவிட்டு வந்தேன்.

நவம்பர் 24, திங்கள்

அத்தை கீழே வந்தார். மெத்தோட்ரெக்சேட் போட்டு ஆறு மாதத்துக்கு மேலாகியும் வீக்கம் அடங்கவில்லை. அடுத்த கட்ட மருந்துக்குப் போகலாம், அதற்கு முன் டி.பி. பார்த்து வாருங்கள் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அத்தைக்குக் கோபம். "இருமலே இல்ல, எதுக்கு டி.பி.?"

இடது முன்கையின் உட்பக்கம், தோலுக்குள்ளேயே 0.1 மி.லி. மேண்டூ. காசநோய்க் கிருமிப் புரதத்தை ஏற்றிப் பார்க்கிற சோதனை அது. ஊசி சரியாக இறங்கினால் வெள்ளையாக ஒரு கொப்புளம் எழும்பும். கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் எழும்பாது, வேறு இடத்தில் மறுபடி போட வேண்டும். எழும்பியது. தேய்க்காதீங்க, சொறியாதீங்க, புதன்கிழமை காட்டுங்க என்று சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 26, புதன்

12 மி.மீ.

சிவப்பை அளக்கக் கூடாது, தடிப்பை அளக்க வேண்டும். பால்பாயின்ட் பேனாவை வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெதுவாக இழுத்து வந்தால் ஓரிடத்தில் முனை தட்டி நிற்கும். எதிர்ப் பக்கமும் அப்படியே. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஸ்கேல். விரலால் தடவிப் பார்த்தால் தோலுக்கடியில் பட்டாணி போல் கெட்டியாக இருக்கும்.

எனக்கு வேலையிலேயே பிடித்த சோதனை இதுதான். லேபில் டி செல்லின் வேலையைக் கண்ணாலும் விரலாலும் உணர்கிற ஒரே இடம் இது. ஆன்டிபாடி சமாச்சாரமாக இருந்தால் ஊசி போட்ட சில நிமிடங்களில் தடித்து, சீக்கிரமே அடங்கிவிடும். இதற்கு 48-லிருந்து 72 மணி நேரம் வேண்டும். என்றைக்கோ காசநோய்க் கிருமியைப் பார்த்து ஞாபகம் வைத்திருக்கிற சில டி செல்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அவை அந்த இடத்துக்கு வந்து, துணுக்கை அடையாளம் கண்டு, இன்டர்ஃபெரான் காமா என்ற சேதிப் புரதத்தைச் சுரந்து, மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களைக் கூப்பிட்டுச் சேர்க்க அவ்வளவு நேரம் ஆகிறது. அத்தையின் மூட்டுச் சவ்விலும் நடப்பது ஏறக்குறைய இதுதான்: டி செல் கூப்பிடுகிறது, மேக்ரோஃபேஜ் வருகிறது, டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் சுரக்கிறது, சவ்வு தடிக்கிறது. கையில் வந்த தடிப்பு சில நாளில் அமுங்கிவிடும். மூட்டில், காட்டப்படுவது சொந்தப் புரதம், அது தீரப்போவதில்லை. அதனால் அழைப்பும் ஓய்வதில்லை.

நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மருந்து எடுப்பவர்களுக்கு 5 மி.மீ. வந்தாலே பாசிட்டிவ் என்றுதான் எடுப்பார்கள். அதே மருந்து டி செல்லை மந்தமாக்கி, கிருமி இருந்தும் மேண்டூவை நெகட்டிவாகக் காட்டிவிடவும் கூடும். சந்தேகம் வந்தால் ரத்தத்தை எடுத்து, கிருமிப் புரதம் தடவிய குழாயில் ஓர் இரவு வைத்து, எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா சுரக்கிறது என்று பார்க்கும் இக்ரா சோதனை இருக்கிறது. அதுவும் டி செல்லைத்தான் கேட்கிறது.

எக்ஸ்ரே சுத்தம். ஆக, நோய் இல்லை, கிருமி மட்டும் உள்ளே தூங்குகிறது. டி செல்லும் மேக்ரோஃபேஜும் சுற்றி நின்று அதை அடைத்து வைத்திருக்கின்றன. டி.என்.எஃப்.-ஐத் தடுக்கிற ஊசி போட்டவர்களுக்கு அந்த அடைப்பு உடைந்து காசநோய் கிளம்பிய கதை 2001-லேயே வெளிவந்துவிட்டது. டாக்டர் ஆறு மாதத்துக்கு ஐசோநியாசிட் என்ற காசநோய் மருந்து, கூடவே வைட்டமின் பி6 எழுதினார். முதல் ஒரு மாதம் அது ஓடட்டும், அப்புறம் புது மருந்து என்றார்.

டிசம்பர் 3, புதன்

மதியம் கூட்டம் இல்லை. உடன் வேலை பார்க்கும் தம்பி கேட்டான்: "டி செல்தான் வம்புன்னா அதைக் கொன்னுட வேண்டியதுதானேக்கா?"

கேட்கிற மாதிரியே 1990-களில் செய்தும் பார்த்தார்கள். சிடி4 செல்களை ஒழிக்கும் ஆன்டிபாடியை முடக்குவாதக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். ரத்தத்தில் எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போனது, மாதக்கணக்கில் திரும்பவும் இல்லை. மூட்டு வீக்கம் பெரிதாக அசையவில்லை. ரத்தத்தில் காலியானாலும் சவ்வுக்குள் செல்கள் இருந்தன. 'டி செல் கட்சி' அப்போது கிட்டத்தட்ட டெபாசிட் இழந்தது. பி செல்லை ஒழிக்கும் ரிட்டுக்சிமாப் வேறு வந்து வேலை செய்ததும், எல்லாம் பி செல்தான் என்று பலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

திருப்பம் வந்தது வேறு வழியில். டி செல் தன் துணுக்கை அடையாளம் கண்டால் மட்டும் கிளம்பிவிடாது, காட்டுகிற செல்லிடமிருந்து இன்னொரு சைகையும் வேண்டும். எங்கள் ஊர்ப் பால் சங்கத்து செக் மாதிரி, தலைவரும் செயலாளரும் போட்டால்தான் செல்லும். அந்த இரண்டாவது கையெழுத்து, காட்டுகிற செல்லின் மேலுள்ள சிடி80, சிடி86 என்பவை டி செல்லின் சிடி28-ஐத் தொடுவது. அபாட்டசெப்ட் என்ற மருந்து அந்த 80-ஐயும் 86-ஐயும் போய் மூடிக்கொள்ளும். ஒரு டி செல்லையும் கொல்வதில்லை. 2005-ல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைத்தது. கொன்றபோது அடங்காத மூட்டு, அனுமதியை நிறுத்தியபோது அடங்கியது. என்னைக் கேட்டால் இந்த நோயில் டி செல்லின் பங்குக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

2017-ல் இன்னொன்றும் தெரிந்தது. முடக்குவாத மூட்டுச் சவ்வுக்குள்ளேயே, நிணநீர்க் கணுவுக்குப் போகாமல் அங்கேயே தங்கி, பி செல்களுக்கு ஒத்தாசை செய்கிற ஒரு வகை டி செல் கூட்டமாக இருக்கிறது. ஆக, டி செல்லா பி செல்லா என்று கட்சி பிரித்ததே வீண் சண்டை. தம்பி பாதியில் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். இருக்கட்டும்.

டிசம்பர் 6, சனி

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிற பையன், முப்பதுகூட ஆகவில்லை. விடியற்காலையில் இடுப்பு வலி எழுப்பிவிடுகிறதாம், நடந்தால் குறைகிறதாம். நாள் முழுக்கக் குனிந்து சலங்கை மணி பற்றவைப்பதால் என்று நினைத்திருந்தான். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், ஹெச்.எல்.ஏ.-பி27 பாசிட்டிவ். முதுகெலும்பைப் பிடிக்கிற இந்த வாதத்துக்கும் பி27-க்கும் உள்ள உறவு 1973-லேயே தெரியும். பி27 துணுக்கு காட்டுவது சிடி8 என்ற இன்னொரு வகை டி செல்லுக்கு. டி செல்கள் சுரக்கிற ஐ.எல்.-17 என்ற சேதிப் புரதத்தைத் தடுக்கும் ஊசி இதில் நன்றாகக் கேட்கிறது. முடக்குவாதத்தில் அதே ஊசி சுமார்தான். டி செல் என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோமே ஒழிய, உள்ளே ஆளுக்கொரு தொழில்.

டிசம்பர் 10, புதன்

இன்று ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசளிப்பு. மருத்துவப் பரிசு மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும். நம் விஷயம்தான் என்பதால் மனசுக்கு நெருக்கமாக இருந்தது.

டி செல்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸில் பயிற்சி பெறுகின்றன. அந்த உறுப்புக்கு உண்மையான வேலை இருக்கிறது என்று காட்டியவர் ஜாக் மில்லர், 1961-ல். சொந்த உடம்பைப் பலமாகப் பிடிக்கிற செல்களை அங்கேயே கழித்துவிடுவார்கள். எல்லாமும் சிக்குவதில்லை, சில தப்பித்து வெளியே வரும். நம் எல்லோருக்குள்ளும் உண்டு. அவற்றை வெளியில் அடக்கி வைப்பது இன்னொரு வகை டி செல் என்று 1995-ல் சகாகுச்சி சிடி25 என்ற அடையாளத்தோடு காட்டினார். அதற்கு முன் இப்படி அடக்கும் செல் உண்டு என்று சொல்லிப் பெயர் கெட்ட ஆராய்ச்சிகள் நிறைய, அதனால் யாரும் லேசில் நம்பவில்லை. பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் ஸ்கர்ஃபி என்ற நோஞ்சான் எலி வகையில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று தேடி 2001-ல் ஃபாக்ஸ்பி3-ஐப் பிடித்தார்கள். அது இல்லாவிட்டால் அடக்கும் செல்லே உருவாகாது.

அப்படியானால் அத்தைக்கு அந்தச் செல்கள் குறைவா? அதுதான் வேடிக்கை. முடக்குவாத மூட்டு நீரில் அவை தாராளமாகவே இருக்கின்றன. ஆனால் அழற்சி கொதிக்கிற இடத்தில் மற்ற டி செல்கள் அவற்றின் பேச்சைக் கேட்பதில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் உள்ள கல்லூரிப் பெண் ஒருத்தி மாதாமாதம் சிறுநீர்ப் புரதம் பார்க்க வருவாள். இன்று கேட்டாள்: "அக்கா, கார்-டி போட்டா லூபஸே போயிடுமாமே?"

ஜெர்மனியில் எர்லாங்கனில் கெயோர்க் ஷெட் குழு செய்தது. நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, பி செல்லின் சிடி19-ஐத் தேடிப் பிடிக்கும்படி மாற்றி, திரும்ப ஏற்றினார்கள். 2021-ல் ஒரு பெண், 2022-ல் ஐந்து பேர் என்று எழுதினார்கள். ஐந்து பேரும் லூபஸ் மருந்துகளை நிறுத்தினார்கள், பி செல்கள் சில மாதத்தில் திரும்பி வந்தும் நோய் உடனே திரும்பவில்லை. இத்தனை நாள் குற்றவாளிக் கூண்டில் நின்ற டி செல் இங்கே மருந்தாக வருகிறது. நம் நாட்டில் ஐ.ஐ.டி. பம்பாயும் டாட்டா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி 2023-ல் அனுமதி பெற்றது, ஆனால் ரத்தப் புற்றுநோய்க்கு. செலவு லட்சக்கணக்கில். ஆசைப்படலாம், ஆனால் அதற்காக லூபஸுக்குப் போடும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை நிறுத்தாதே, வருடா வருடம் கண்ணையும் காட்டிக்கொள் என்றேன்.

ஜனவரி 5, 2026, திங்கள்

அத்தையின் ஈரல் சோதனை நார்மல். மெத்தோட்ரெக்சேட்டும் ஐசோநியாசிட்டும் இரண்டுமே ஈரலைச் சீண்டும், அதனால்தான் இந்தச் சோதனை. டாக்டர் டோஃபாசிட்டினிப் மாத்திரை எழுதினார், 5 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று. ஊசி வேண்டாமா என்று மாமா கேட்டார். மலையிலிருந்து ஃபிரிட்ஜ் மருந்து வாங்க இறங்கி ஏற முடியாது, இது உள்ளூர்க் கம்பெனிகளே போடுகிற மாத்திரை என்று சொன்னேன். டி செல்லுக்கு வெளியிலிருந்து வருகிற ஐ.எல்.-2, ஐ.எல்.-6 மாதிரியான சேதிகளை உள்ளே கடத்துகிற ஜாக் என்ற நொதிகளை அது அடைக்கிறது.

அக்கி வரலாம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். சின்னம்மைக் கிருமி நரம்புக்குள் தூங்குவதும் டி செல் காவலில்தான். இடுப்பைச் சுற்றியோ முகத்திலோ எரிச்சலோடு கொப்புளம் வந்தால் மந்திரிக்கப் போகாமல் அன்றைக்கே ஃபோன் செய்யச் சொன்னேன். காய்ச்சல், விடாத இருமல், எடை குறைவது என்றாலும் அப்படியே. இதய நோய் உள்ளவர்கள், 65 தாண்டியவர்கள், புகை பிடிப்பவர்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்க டாக்டர்கள் தயங்குவார்கள். அத்தைக்கு 52, அதில் எதுவும் இல்லை.

"பொங்கலுக்குள்ள பறிக்கப் போலாமா கண்ணு?"

வீக்கம் குறையட்டும், அதற்குச் சில வாரம் ஆகும், மாத்திரை போட்டதும் வலி குறைந்தால்கூட உடனே கூடை தூக்க வேண்டாம் என்றேன். கொழுப்பு, ரத்த அணுக்கள், ஈரல் மூன்றுக்கும் பிப்ரவரி முதல் வாரம் வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மாமா அதை வாங்கிப் பீடிக் கட்டோடு சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.