தட்டும் சிடியும்: நான்கு ஞாயிற்றுக்கிழமைகள்

பழைய இசைத்தட்டையும் அதே பாடல்களின் சிடியையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒதுக்கிய முதல் ஞாயிறு 'உம்' என்ற இரைச்சலோடு போயிற்று. தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளின் எர்த் வயரை, அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்பில் மாட்ட மறந்திருக்கிறேன். ஒரு பக்கம் முழுவதையும் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

எடுத்துக்கொண்டது, இளையராஜா இசையில் 1980களில் வந்த ஒரு படத்தின் எல்.பி. இசைத்தட்டு. அதே பாடல்களின் சிடியும் என்னிடம் உண்டு. தட்டில்தான் உயிர் இருக்கிறது என்று நண்பர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், கணினியில் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

இரண்டாம் ஞாயிறு தட்டைக் கழுவினேன். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ். லேபிளில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு. ஊசியின் அழுத்தத்தை 2 கிராமில் வைத்து, சிடியைவிட நுணுக்கமான 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தேன். பையன் கூடத்தில் ஓடினான். இடையிசையின் நடுவே ஒரு 'தொம்'. மறுபடியும் முதலிலிருந்து.

மூன்றாம் ஞாயிறு ஒப்பிட்டபோது, எடுத்த எடுப்பிலேயே சிடி ஜெயித்தது. காரணம் அதன் சத்தம்தான். சத்தம் கூடினால் காது உடனே மயங்கிவிடும். சிடியின் ஒலியை 7 டெசிபல் குறைத்துச் சமப்படுத்தியதும் கதை மாறியது. தட்டில் தபலாவின் அடி தனித்து எழுந்து விழுகிறது. சிடியில் தபலா, வயலின்கள், குரல் எல்லாம் ஒரே உயரத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. சிடி மறுபதிப்புக்கு மாஸ்டரிங் (வெளியீட்டுக்கான இறுதி ஒலியமைப்பு) செய்தவர் எல்லாவற்றையும் ஏற்றி, லிமிட்டரால் உச்சிகளை வெட்டியிருக்கிறார் என்றே தோன்றுகிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அதன் அலைவடிவம் செங்கல்லை அடுக்கியதுபோல் இருக்கிறது.

ஆனால் அலைவடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. இப்படி நெருக்கப்பட்ட அதே மாஸ்டரைத் தட்டில் பள்ளமாக வெட்டினாலும், தட்டிலிருந்து எடுக்கும்போது அலைகளின் கட்டம் (ஃபேஸ்) நகர்ந்து உச்சிகள் உயர்ந்துவிடும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் டைனமிக் ரேஞ்ச் மீட்டர் அதையும் நல்ல எண்ணாகவே காட்டும்.

தட்டின் பெருமை பக்கத்தின் கடைசிப் பாட்டில் கவிழ்ந்தது. வெளிவிளிம்பில் பாட்டு பதிந்த பள்ளம் ஊசியின் கீழே வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, லேபிளின் அருகே அது 21 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. அந்த இடுக்கில் பாடகியின் ஒவ்வொரு 'ஸ'வும் சீறுகிறது. சிடியில் அந்தத் தொல்லை துளியும் இல்லை.

நான்காம் ஞாயிறு, தட்டிலிருந்து எடுத்த பதிவையே சிடியின் அளவான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அதையும் மூலப் பதிவையும், எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடும்படி மனைவியிடம் கேட்டுக்கொண்டேன். 12 முறையில் 7 சரி. காசைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். ஆக, என் சிடியைக் கெடுத்தது அந்த 16 பிட் இல்லை. அதற்குள் ஊற்றப்பட்ட மாஸ்டர்.

இப்போதைக்கு முதல் மூன்று பாடல்களைத் தட்டிலிருந்தும், நான்காவதைச் சிடியிலிருந்து 7 டெசிபல் குறைத்தும் சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல் இருக்கிறது. அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.