தொடர்பற்ற பேச்சு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாவட்ட மருத்துவமனையின் மனநல வார்டில் பதினெட்டு ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றியிருக்கிறேன். அந்த ஆண்டுகளில் எழுதிய எண்ணற்ற குறிப்புகளில் இரண்டு சொற்கள் மட்டும் இன்றும் என்னை உறுத்துகின்றன. 2021 ஆகஸ்டில் ஓர் இரவு, பதினொன்றரை மணி என்று நேரம் குறித்து, ஒரு நோயாளியின் கோப்பில் அவற்றை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். தமிழில் சொன்னால், 'தொடர்பற்ற பேச்சு'.

அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறேன். நாற்பதை நெருங்கிய வயது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் தாயுடன் வாழ்ந்தவர். கோப்பில் தொழில் என்ற இடத்தில் 'காவலாளி' என்று இருந்தது. அது பொய்யில்லை, ஒரு கிடங்கில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அதற்கு முன் பதினொரு ஆண்டுகள் அவர் இராணுவத்தில் இருந்தார் என்பதை அந்தப் படிவம் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த ஜூலையில் குவாசூலு-நட்டால், கௌட்டெங் மாகாணங்களில் மூண்ட கலவரத்தில் 350-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எங்கள் பகுதிகளில் தெருவுக்குத் தெரு மக்களே தடுப்புகளை அமைத்து இரவெல்லாம் காவல் நின்றார்கள். அவற்றில் சில தடுப்புகளில் நடந்த கொலைகளின் துயரம் இன்னும் ஆறவில்லை. அது தனியாக எழுதப்பட வேண்டியது. இவருடைய தெருவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. காவலை முறை வைத்துப் பிரித்துக் கொடுத்ததும், பயந்து நடுங்கிய பையன்களுக்கு எங்கே நிற்பது, எப்போது பின்வாங்குவது என்று சொல்லிக் கொடுத்ததும் இவர்தான். ஒரு வாரத்தில் தடுப்புகளை அகற்றிவிட்டு எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். இவர் மட்டும் திரும்பவில்லை. தாத்தா காலத்துக் கரும்பு வெட்டும் கத்தியோடு ஒவ்வோர் இரவும் தெருமுனையில் நின்றார். முதலில் தேநீர் கொண்டுவந்து கொடுத்த அண்டை வீட்டார் பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பிய ஒரு பையனை அவர் தரையில் குப்புறப் படுக்கச் சொல்லிக் கத்தியை ஓங்கிய இரவில் காவல்துறை வந்தது.

2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 17ஆம் எண் சட்டம், 40ஆம் பிரிவில் காவல்துறைக்கு ஒரு கடமையை விதிக்கிறது. மனநோயின் காரணமாக ஒருவர் தமக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு செய்யக்கூடும் என்று காவலர் நேரில் கண்டு நம்பினால், மதிப்பீட்டுக்காக அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அப்படித்தான் கைகளைப் பின்னால் விலங்கிட்டு அவரைக் கொண்டுவந்தார்கள். பின்னாலேயே அவருடைய தாய் ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் காரில் வந்து இறங்கினார். மூத்த பெண்களை அழைக்கும் எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை ஆயா என்று அழைத்தேன். விருப்பமின்றிச் சேர்ப்பதற்கான எம்.எச்.சி.ஏ. 04 படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். மனைவியோ, நெருங்கிய உறவினரோ, பெற்றோரோ, முந்தைய ஏழு நாட்களுக்குள் நோயாளியை நேரில் பார்த்த ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பேனாவைக் கையில் கொடுத்ததும், "நான் கையெழுத்துப் போட்டா அவனைக் கட்டிப் போடுவீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பத்து நிமிடத்தில் என் சொல் பொய்யானது.

நாங்கள் ஐந்து பேர். ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு காலுக்கும் ஒருவர், ஊசி போட ஒருவர். அமைதிப்படுத்தும் மருந்துகளான ஹாலோபெரிடாலும் லோரசெபாமும் தயாராக இருந்தன. இடது கணுக்காலை நான் பிடித்திருந்தேன். பின்னாலிருந்து ஓர் உதவியாளர் தோளைத் தொட்டதுமே அவர் திமிறினார், நாங்கள் அமுக்கினோம். முகம் தரையில் பட்டதும் அவர் திமிறுவதை நிறுத்திவிட்டார். அதை ஊசி வேலை செய்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன், ஆனால் ஊசி அப்போதுதான் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அசையாமல் கிடந்தபடி, தட்டையான குரலில், தம் பெயரையும் அதன்பின் ஏதோ ஒரு சொல்லையும் நீண்ட எண் வரிசைகளையும் சொல்லத் தொடங்கினார். முடித்ததும் மீண்டும் முதலிலிருந்து. என்ன கேட்டாலும் அதுதான் பதில். தனியறையில் கதவைச் சாத்திய பிறகும் அது கேட்டுக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் தொடர்பற்ற பேச்சு என்று எழுதினேன்.

மறுநாள் காலை ஆயாவிடம், மகன் எண்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார் என்றேன். அவர் வியப்படையவே இல்லை. "அது அவன் பட்டாள நம்பரும்மா. காங்கோவுக்குப் பார்சல் அனுப்புறப்ப மேல நான்தான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு, அந்த எண்ணை ஒரு இலக்கம் பிசகாமல் ஒப்பித்தார். கோப்பை எடுத்துப் பார்த்தேன். இரவு மருத்துவர் குறித்து வைத்திருந்த எண் அதுவேதான். எனக்குப் புரியாமல் போன சொல் 'கார்ப்ரல்'; கடைசியில் வந்த இலக்கங்கள் பிறந்த தேதி. பெயர், பதவி, படை எண், பிறந்த தேதி: 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின்படி பிடிபட்ட போர்வீரன் தன்னைப் பிடித்தவர்களிடம் சொல்லக் கடமைப்பட்டவை இவை மட்டுமே. 2013இல் கிழக்குக் காங்கோவுக்கு ஐக்கிய நாடுகள் அவை அனுப்பிய தலையீட்டுப் படையணியில் தான்சானியா, மலாவி வீரர்களோடு இவரும் இருந்திருக்கிறார். அன்றிரவு எங்கள் வார்டில் அதைவிட ஒழுங்கான, அதைவிடப் பொருளுள்ள பேச்சு வேறு இல்லை. எதிரியிடம் பிடிபட்டுவிட்டதாக அவர் நம்பினார். அவர் அப்படி நம்புவதற்கான எல்லாவற்றையும் நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

அந்த இரவில் கட்டாயம் தேவைப்படவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பையனின் கழுத்து என் கண்முன் இருக்கிறது. ஆனால் போரின் நினைவால் உலைந்தவருக்கு, தாம் பிடிக்கப்பட்ட விதமே சிகிச்சையின் முதல் வேளை மருந்து; அது நஞ்சானால் அடுத்த வேளைக்கு அவர் கை நீட்ட மாட்டார். சட்டம் இதற்கு இடம் தராமல் இல்லை. தீங்கு நேரும் அபாயம் மட்டும் போதாது. தெளிவாக முடிவெடுக்கும் திறன் இல்லாதவராகவும் சிகிச்சையை மறுப்பவராகவும் இருந்தால்தான் ஒருவரை விருப்பமின்றி வைத்திருக்கலாம். மருத்துவமனையின் தலைமை அதிகாரி அனுமதித்த பிறகு 72 மணி நேரம் மதிப்பீடு நடக்கும். முடிவை எதிர்த்து 30 நாட்களுக்குள் மனநல மீளாய்வு வாரியத்திடம் முறையிடலாம். 1973ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் நீதிபதியின் ஆணையோடு உள்ளே போனவர்களுக்கு இப்படி ஒரு வாரியம் இருக்கவில்லை. ஆனால் தரையில் முகம் அழுந்திக் கிடப்பவருக்கு வாரியம் எதற்கு உதவும்? அந்த முதல் பத்து நிமிடம் முழுக்க எங்கள் கையில்தான் இருக்கிறது.

இந்த நாட்டில் முன்னாள் படைவீரர்கள் மனநல வார்டை அஞ்சுவதற்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. கட்டாய இராணுவச் சேவைக் காலத்தில், அங்கோலா எல்லையிலிருந்து மனம் உலைந்து திரும்பிய வெள்ளையின இளைஞர்களைப் 'போஸிஸ்' என்றார்கள், காடு பிடித்தவன் என்பதுபோல. 1970களில் பிரிட்டோரியாவின் 1 இராணுவ மருத்துவமனையில் 22ஆம் வார்டில் தன்பாலீர்ப்பு கொண்ட இளைஞர்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்ததைப் பற்றி இனவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1997இல் சாட்சியம் கேட்டது. அந்தக் கதைகளை இவர் தம் படைப்பிரிவின் மூத்தவர்களிடம் கேட்டிருந்தார். மருத்துவமனை என்பது தண்டிக்கும் இடம் என்று அவருக்கு முன்பே தெரியும். அதை நாங்கள் உறுதிப்படுத்தினோம்.

மூன்றாம் நாள் அவர் தெளிவாக இருந்தார். எந்த வருடம், எந்தத் தெரு என்பதெல்லாம் தெரிந்தது. இனி அவரை விருப்பமின்றி வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அவரை மதிப்பிட்ட இரு மருத்துவர்களும் எழுதினார்கள். புறப்படும்போது நான் மன்னிப்புக் கேட்டேன், அது உங்கள் படை எண் என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. "நீங்கள் ஐந்து பேர். கதவு எனக்கு இடப்பக்கம். எண்ணி வைத்திருந்தேன்" என்றார். வெளிநோயாளிப் பிரிவுக்குக் கொடுத்த தேதியில் அவர் வரவில்லை. அடுத்த பதினான்கு மாதங்களும் வரவில்லை.

அந்தப் பதினான்கு மாதங்களில் எங்கள் வார்டில் சில பழக்கங்களை மாற்றினோம். தூங்குபவரைத் தொட்டு எழுப்பாமல், கட்டிலின் கால்மாட்டில் நின்று பெயர் சொல்லி அழைப்போம். தொடுவதற்கு முன், யார் தொடப்போகிறோம், எதற்காக என்று சொல்வோம். முதுகு சுவரை ஒட்டியும் பார்வை கதவை நோக்கியும் இருக்கும்படி ஒரு நாற்காலி போட்டோம். முடிந்தவரை ஒருவர் மட்டுமே பேசுவோம். இவற்றுக்குப் பணமும் தேவையில்லை, அனுமதியும் தேவையில்லை. இவற்றை நாங்கள் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம் என்பதுதான் என்னை வருத்துகிறது.

2022 அக்டோபரில் ஆயா வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். மகன் நான்கு நாட்களாகத் தூங்கவில்லை, கத்தியைத் தானே எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டான், என்ன செய்யட்டும் என்றார். அவரிடமே தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லி, அந்த நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேட்டார். நானும் ஒரு மருத்துவரும் என்றேன். மாலையில் நடந்தே வந்து, தம் விருப்பத்தின்பேரில் சேரும் நோயாளியாகக் கையெழுத்திட்டார். உளவியலாளர் ஒருவரிடம் மாதக்கணக்கில் பேசினார், செர்ட்ரலின் என்ற மனநல மருந்தும் தொடர்ந்தது. மனச்சிதைவு என்று சந்தேகித்து எழுதப்பட்டிருந்த பழைய குறிப்பை மருத்துவர் திருத்தினார். ஆயா மட்டும் இன்றும் அந்த 04 படிவத்தைப் பற்றிப் பேச மாட்டார்.

எங்கள் சேர்க்கைப் படிவத்தில் தொழில் என்ற வரிக்குக் கீழே, இராணுவத்தில் இருந்ததுண்டா என்ற கேள்வியை நானே பேனாவால் எழுதி நகலெடுத்தேன். அதற்கு முதலில் ஆம் என்று சொன்னவர் டர்பனின் மெரிபேங்க் பகுதியிலிருந்து வந்த, எழுபது கடந்த ஒரு பெரியவர். கேள்வியைப் படித்துக் காட்டியதும் என்னை ஏறிட்டுப் பார்த்து, "எந்தப் பட்டாளம்மா? அவங்களுதா, எங்களுதா?" என்று கேட்டார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த படைக்காக நாட்டைவிட்டு வெளியேறி, அங்கோலாவில் பயிற்சி பெற்று, பிறகு பிடிபட்டுத் தனிமைக் காவலில் இருந்தவர் அவர். 2011ஆம் ஆண்டின் இராணுவ மூத்தோர் சட்டம் இரு தரப்பையும் ஒரே சொல்லால் குறிக்கிறது, போரால் வந்த மனநோய்க்கான சிகிச்சையை இரு தரப்புக்கும் உரிமையாக்குகிறது. அதை அவருக்கு விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே எழுந்து, சுவரோரம் இருந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார்.