எட்டு முகங்கள்

மார்ச் 4
மகளின் எடை 1,310 கிராம்.

மார்ச் 5
1,270. முதல் வாரம் இறங்கத்தான் செய்யும் என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னார். தூக்கம் வரவில்லை. என்னிடமுள்ள பழைய ஜெர்மன் வெள்ளி நாணயத்தை, அந்தத் தாலரை, எடுத்துத் தராசில் வைத்தேன். 27.94. அச்சடித்தபோது 28.06 இருந்திருக்கும். பத்துத் தாலருக்கு ஒரு கொலோன் மார்க் (அந்தக் கால எடையளவு) சுத்த வெள்ளி, சுமார் 233.85 கிராம். மொத்த எடையில் ஆறில் ஒரு பங்கு செம்பு. 1828-இலிருந்து இத்தனை கை மாறியும் 0.12 கிராம்தான் தேய்ந்திருக்கிறது. ஒரே நாளில் 40 கிராம் எப்படிக் குறையும்?

மார்ச் 6
1,255. யாரிடமும் பேசவில்லை.

மார்ச் 8
பவேரியாவின் லுட்விக் ராஜா நல்லது நடந்தால் ஒரு தாலர் அடித்துவிடுவார். வரலாற்றுத் தாலர்கள் என்றே அவற்றுக்குப் பேர். இதில் எழுதியிருப்பது 'வானத்தின் ஆசி'. நடுவில் ராணி தெரேஸ், சுற்றிலும் வட்டத்துக்கு ஒன்றாக எட்டுப் பிள்ளைகள். மூத்தவன் மாக்ஸிமிலியான் பின்னாளில் ராஜா. ஓட்டோ கிரேக்க நாட்டுக்கே ராஜாவாகப் போனான். அடால்பர்ட் அந்த வருடம்தான் பிறந்தான், அவனுக்கும் ஒரு வட்டம்.

ராணி பெற்றது ஒன்பது. தியோடெலிண்டே 1816-இல் பிறந்து அடுத்த வருடமே போய்விட்டாள். லென்ஸை வைத்து எட்டையும் மறுபடி மறுபடி எண்ணுகிறேன்.

மார்ச் 9
விற்றவர் இதை மெருகுப் பசை போட்டுத் தேய்த்திருக்கிறார். விளக்கடியில் சாய்த்தால் மயிரிழைக் கோடுகள். படத்தில் தெரியவில்லை, அவரும் சொல்லவில்லை. வெள்ளியில் தானாக ஏறிய அந்தச் சாம்பல் நிறம் இனி வராது. எதையும் அப்படியே விட்டுவைக்க மாட்டார்களா? ஆத்திரமாக வருகிறது.

மார்ச் 11
1,240. அம்மா போனில், "பேர் கீர் இப்ப வைக்காதேப்பா, வீட்டுக்கு வரட்டும்." சரி என்றேன்.
தியோடெலிண்டேக்குப் பேர் இருந்தது.

மார்ச் 12
1,285! பாதாள ரயிலில் தெரேசியன்வீஸே நிறுத்தம் வந்தபோது சிரித்துவிட்டேன். 1810-இல் இந்தத் தெரேஸ் கல்யாணத்துக்குக் குதிரைப் பந்தயம் விட்ட திடல். மியூனிக்கின் அக்டோபர் திருவிழா தொடங்கியதே அதில்தான். வீட்டுக்குப் போனதும் இதைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 13
1,280.

மார்ச் 15
1,345. இன்று சட்டையைக் கழற்றச் சொல்லி மகளை என் நெஞ்சின் மேல் படுக்க வைத்தார்கள். ஒரு மணி நேரம். மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன். தராசு சொல்வதைவிட அதிகக் கனம். அவளிடம் மெதுவாக அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தேன்.