மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

பத்தாம் வகுப்பில் வீழ்படிவாக்கல் வினை (இரண்டு கரைசல்கள் சேர்ந்ததும் கரையாத திடப்பொருள் உருவாகி அடியில் படிவது) என்றாலே சமன்பாட்டை உருப்போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பாவம், அதிலுள்ள வேடிக்கையே போச்சு! காரீய நைட்ரேட், பொட்டாசியம் அயோடைடு இரண்டும் நிறமற்ற கரைசல்கள். ஒன்றில் மற்றதைச் சொட்டவிட்டதும் பளீரென்று மஞ்சள். காரீயம், நைட்ரேட், பொட்டாசியம், அயோடைடு என்ற நான்கு அயனிகளும் (மின்னூட்டமுள்ள துகள்களும்) நீரில் தனித்தனியாகத் திரிகின்றன. காரீயமும் அயோடைடும் சேர்ந்தால் கரையாத உப்பு, கீழே இறங்கிவிடும். பொட்டாசியமும் நைட்ரேட்டும் கரைசலிலேயே சும்மா இருக்கும். சரி, எது கரையும் என்று எப்படித் தெரியும்? நைட்ரேட் உப்புகள் கரையும், சில்வர் குளோரைடு கரையாது என்று அங்கிருந்து தொடங்குங்கள்.

அப்புறம், அந்த மஞ்சளைக் கொஞ்சமாக எடுத்துக் கொதிநீரில் கரைத்து ஆறவிட்டால் தங்கத் துகள்கள்போல மின்னிக்கொண்டே இறங்கும். காரீயம் நச்சு என்பதால் ஆய்வகத்தில் ஆசிரியர் செய்துகாட்டட்டும். மிச்சத்தைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.