அமிர்தி காட்டில் மரம் அளந்த பிள்ளைகள்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகப் போனால் அமிர்தி 25 கிலோமீட்டர்தான். ஜவ்வாது மலை அடிவாரம் நெருங்க நெருங்க, ஊர் வெயிலே வேறு மாதிரி ஆகிவிடும். பொதுவாக எல்லோரும் அங்கே போவது சின்ன உயிரியல் பூங்காவையும் அருவியையும் பார்க்கத்தான். இந்த முறை எனக்கு வேறு வேலை. அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் என் தோழி, வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, பசுமைப் படை என்ற பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகளுக்குக் காட்டுக்குள் ஒரு போட்டி வைத்திருந்தாள். "மார்க் போட ஆள் பத்தலை, நீயும் வாடி" என்று கூப்பிட்டாள். கிளம்பிவிட்டேன்.

அமெரிக்காவில் வனவியல் படிக்கும் மாணவர்களுக்கு இப்படிப்பட்ட போட்டிகள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. மரத்தை அடையாளம் சொல்வது, பார்த்தே மரத்தின் விட்டத்தை மதிப்பிடுவது, திசைகாட்டியும் காலடிக் கணக்கும் வைத்து இடம் கண்டுபிடிப்பது எல்லாம் உண்டு. இரண்டு பேர் இழுக்கும் ரம்பம், கோடரி வீச்சு என்று உடல் பலம் காட்டும் பந்தயங்களும் உண்டு. தோழி அதிலிருந்து அளக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். காப்புக்காட்டில் வெட்டும் பேச்சுக்கே இடமில்லை. அதுதான் சரி.

முதல் சுற்று மரம் அறிதல். வனக் காவலர் அண்ணன் மரங்களில் எண் எழுதிய துணியைக் கட்டி வைத்திருந்தார். வேம்பு, புங்கன், நாவல் வரை எல்லோரும் மளமளவென்று எழுதினார்கள். உசிலை வந்ததும் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அதன் இலையைக் காயவைத்து இடித்தால்தான் தலைக்குத் தேய்க்கும் அரப்பு என்று சொன்னதும், "எங்க ஆயா வீட்ல இருக்கு மிஸ்!" என்று நாலைந்து குரல்.

விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மலைக் கிராமத்துப் பெண்ணின் பின்னாலேயே நான் நடந்தேன். அவள் மரத்தை முதலில் அண்ணாந்து பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். உதிர்ந்த இலை, காய், தோல். வெட்பாலை இலைக்காம்பைக் கிள்ளினாள், பால் துளிர்த்தது. இன்னொரு மரத்தில் பழைய வெட்டுக்காயம் ஒன்றில் பிசின் ரத்தச் சிவப்பாக உறைந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வேங்கை என்று எழுதினாள்.

சந்தனத்திடம் வந்தபோது மற்ற பிள்ளைகள் பட்டையை மோந்து பார்த்து ஏமாந்தார்கள். நின்றுகொண்டிருக்கும் மரத்தின் பட்டையில் மணம் வராது, அது உள்ளே வைரம் பாய்ந்த கட்டையில் இருப்பது. அவள் எதிரெதிராக இருந்த இலைகளைப் பார்த்தாள், பக்கத்தில் என்னென்ன செடி நிற்கிறது என்றும் பார்த்தாள். சந்தனத்தின் வேர் அக்கம்பக்கத்து வேர்களில் ஒட்டிக்கொண்டு நீரும் சத்தும் உறிஞ்சும். தனியாக நட்டால் தேறாது. திருப்பத்தூர் சந்தனக் கிடங்குக்குப் பேர் வாங்கிக் கொடுத்த இந்த மலையில் பிறந்த பிள்ளைக்கு அதையெல்லாம் யாரும் பாடம் எடுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிவுக்கு மார்க் போடும் பரீட்சை அவள் பள்ளி வாழ்க்கையில் இதுவரை வந்ததில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அடுத்து சுற்றளவு. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில்தான் நாடா சுற்ற வேண்டும். அமெரிக்காவில் அவர்கள் சொல்லும் நாலரை அடியும் இதேதான். பிள்ளைகள் அந்த உயரம் தங்கள் உடம்பில் எங்கே வருகிறது என்று சாக்பீஸால் சட்டையில் கோடு போட்டுக்கொண்டார்கள். ஒருத்தனுக்குத் தோள், இன்னொருத்திக்கு மூக்கு. சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழேயே இரண்டாகக் கிளைத்திருந்தால் இரண்டு மரமாகக் கணக்கு. இந்த இரண்டையும் காவலர் அண்ணன் பொறுமையாக, "கண்ணு, இங்க வந்து நில்லு" என்று ஒவ்வொருவரையும் நிறுத்திக் காட்டினார்.

உயரத்துக்கு ஒரு குச்சி போதும். கையை நீட்டி, கண்ணிலிருந்து பிடி வரைக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு நீளக் குச்சியை நேராகப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். பிடிக்கு நேராக மரத்தடியும் குச்சி நுனிக்கு நேராக மர உச்சியும் எங்கே பொருந்துகிறதோ, அங்கிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் உயரம். சமதரையில் இது அழகாக வரும்.

அப்புறம் காலடிக் கணக்கு. ஒவ்வொருவரும் தன் நடைக்கு எத்தனை மீட்டர் என்று முதலில் நாடாவோடு நடந்து பார்த்துக்கொண்டார்கள். மேட்டில் ஏறும்போது அடி சின்னதாகிவிடும், கணக்கு பிசகிவிடும் என்பது நடந்த பிறகுதான் புரிந்தது.

அடுத்த முறை தீத்தடுப்புக் கோடு போடும் சுற்று ஒன்றைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். நம் மலைகளில் கோடையில் சருகு பற்றிக்கொண்டால் அணைப்பது பெரும்பாடு. அதற்கு முன்பே சருகைக் கூட்டி வெறும் தரையாக ஒரு பட்டை விடுவது, ரம்பப் பந்தயத்தைவிட இங்கே ஆயிரம் மடங்கு உபயோகம். தோழி சம்மதித்துவிட்டாள். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மூன்று மாவட்டத்து மலைப் பள்ளிகளையும் சேர்த்து நடத்த வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், வனச்சரக அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுவையுங்கள். நாடா, திசைகாட்டி, குச்சி போதும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் மட்டும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.